புதுக்காரின் மேல் ஒரு முடியளவு சாயம்

கம்போங் ராஜாவில் வெயில் ஏறுவதற்கு முன், இரவெல்லாம் திறந்த வெளியில் நின்ற ஒரு காரின் கூரையில் விரல் வைத்து இழுத்துப் பாருங்கள். மழை பெய்யாத இரவாக இருந்தாலும் விரல் நனையும். நனைந்த விரலைக் கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தால் நறநறவென்று ஏதோ உறுத்தும். அந்த நேரத்தில் வீட்டில் யாராவது ஒருவர் ‘குட் மார்னிங்’ துண்டை எடுத்துக்கொண்டு வந்து பனியைத் துடைப்பார். புதுக்கார் வாங்கிய வீடு என்றால் தவறாமல் தினமும் துடைப்பார். காரைப் பளபளப்பாக வைத்திருக்க வேண்டும் என்ற ஆசையில்தான் செய்கிறார். ஆனால் ஓராண்டு கழித்து வெயிலில் அந்தக் காரைப் பார்த்தால், கூரையெல்லாம் சிலந்தி வலை போல மெல்லிய கீறல்கள் தெரியும்.

மாணவர்களே, நம் நாட்டில் பலர் காருக்கு ஒன்பது ஆண்டு வரை தவணை கட்டுகிறார்கள். தோட்டத்திலும் காய்கறிப் பண்ணையிலும் வேலை செய்யும் குடும்பத்துக்கு அது சிறிய காலம் அல்ல. தவணை முடியும் முன்பே கதவின் அடியில் துரு தோன்றினால் யாருக்குத்தான் மனம் வலிக்காது? அந்தத் துருவுக்கும் காருக்கும் இடையில் நிற்பது சாயம் ஒன்றுதான். அது எவ்வளவு மெல்லியது, எதனால் கெடுகிறது என்று பார்ப்போம்.

பனி ஏன் கூரையில்?

இரவில் எல்லாப் பொருள்களும் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக வெளியிடுகின்றன. காரின் கூரை வானத்தைப் பார்த்து நிற்கிறது. தெளிந்த வானத்திலிருந்து திரும்பி வரும் வெப்பம் மிகக் குறைவு. கூரைத் தகடும் ஒரு மில்லிமீட்டருக்குக் குறைவான தடிப்பு கொண்டது. ஆகவே அது சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். அதன் வெப்பநிலை பனிநிலைக்குக் கீழே இறங்கியதும் காற்றிலுள்ள நீராவி அதன்மேல் துளியாகப் படிகிறது. கதவுகள் வீட்டுச் சுவரையும் மரத்தையும் பார்த்து நிற்பதால் அவ்வளவாக நனைவதில்லை. மரத்தடியிலோ கொட்டகையிலோ நிறுத்திய காரில் பனி குறைவாக இருப்பதும் இதனால்தான். கொட்டகைக் கூரை தன் வெப்பத்தைக் காருக்குத் திருப்பித் தருகிறது.

கேமரன் மலையின் காற்று ஆண்டு முழுவதும் ஈரமானது. சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் உள்ள தானா ராத்தாவில் சராசரி வெப்பநிலை 18 பாகை செல்சியஸ் அளவில்தான் இருக்கும். எனவே இங்கே கார் காய்ந்திருக்கும் நேரத்தைவிட நனைந்திருக்கும் நேரம் அதிகம் என்று சொன்னாலும் தவறில்லை.

இனி அந்த நறநறப்புக்கு வருவோம். தீத்திவங்சா மலைத்தொடர் பெரும்பாலும் கருங்கல், அதாவது கிரானைட் பாறையால் ஆனது. கிரானைட்டில் முக்கியமாக மூன்று கனிமங்கள் உள்ளன: குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், மைக்கா. மழையிலும் ஈரத்திலும் ஃபெல்ஸ்பார் மெல்ல மெல்லக் களிமண்ணாக மாறிவிடும். குவார்ட்ஸ் மாறாது. அது மணலாக அப்படியே மிஞ்சும். காய்கறிப் பண்ணை லாரிகள் சாலையில் கொட்டிச் செல்லும் மண்ணில் இந்த இரண்டும் கலந்திருக்கின்றன. மண் காய்ந்து தூசியாகப் பறந்து காரின்மேல் படிகிறது. இரவுப் பனி அதை ஒட்ட வைக்கிறது.

கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் நம் விரல் நகம் சுமார் 2.5. சாதாரணக் கத்தி 5.5. குவார்ட்ஸ் 7. காரின் மேற்பூச்சோ ஒரு வகைப் பிளாஸ்டிக். துண்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் இடையில் குவார்ட்ஸ் மணலை வைத்துத் தேய்த்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. துண்டு மென்மையானதா முரடானதா என்பது அதற்குப் பிறகுள்ள கேள்வி.

ஒரு வேடிக்கை. அந்தக் கீறல்கள் வெயிலில் வட்ட வட்டமாகத் தெரியும். ‘வட்டமாகத் துடைத்ததால்தான்’ என்று பலரும் சொல்வார்கள். உண்மையில் கீறல்கள் எல்லாத் திசையிலும் இருக்கும். சூரியனின் பிம்பத்தைச் சுற்றி, ஒளியை நம் கண்ணை நோக்கித் திருப்பும் கோணத்தில் அமைந்த கீறல்கள் மட்டும் மின்னுகின்றன. அவை சேர்ந்து வட்டமாகத் தோன்றுகின்றன. தலையை நகர்த்தினால் வட்டமும் கூடவே நகரும். வீட்டிலுள்ள பழைய எவர்சில்வர் தட்டை விளக்கின் கீழே பிடித்தால் இதையே காணலாம்.

நான்கு அடுக்குகள்

ரவாங்கில் உள்ள பெரொடுவா தொழிற்சாலையோ, தஞ்சோங் மாலிமில் உள்ள புரோட்டோன் தொழிற்சாலையோ, உலகில் வேறெங்கோ, இன்றைய காருக்குச் சாயம் பூசும் முறை ஏறக்குறைய ஒன்றுதான். எஃகு உடலை நன்றாகக் கழுவி, சாயம் பற்றிக்கொள்வதற்காகப் பாஸ்பேட் உப்புக் கரைசலில் பதப்படுத்துகிறார்கள். பிறகு முழு உடலையும் ஒரு பெரிய தொட்டியில் முக்குகிறார்கள். தொட்டியில் இருப்பது நீரில் கலந்த சாயம். கார் உடல் எதிர்முனை. மின்சாரம் பாய்ந்ததும் நேர்மின்னேற்றம் கொண்ட சாயத் துகள்கள் உடலை நோக்கி ஓடி ஒட்டிக்கொள்கின்றன. மின்பகுப்பு படித்தவர்களுக்கு இது புரியும்.

இந்த முறையின் அழகு எங்கே இருக்கிறது தெரியுமா? ஓரிடத்தில் சாயம் படிந்ததும் அந்த இடம் மின்கடத்தாப் பகுதியாகிவிடுகிறது. உடனே மின்சாரம் இன்னும் சாயம் படியாத இடத்தைத் தேடிப் போகிறது. தெளிப்பான் எட்டாத கதவின் உட்புறம், இடுக்கு, மடிப்பு எல்லாம் தாமாகவே மூடப்படுகின்றன. சுமார் 20 மைக்ரோன் தடிப்பு வந்ததும் படிவதும் நின்றுவிடும். ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

அதன்மேல் மேடு பள்ளத்தைச் சமப்படுத்தும் இடைப்பூச்சு. அதற்குமேல் நிறப்பூச்சு. நாம் கடையில் பார்த்து மயங்கும் சிவப்பும் நீலமும் இந்த மெல்லிய அடுக்குத்தான். எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத ‘கிளியர் கோட்’, சுமார் 40 முதல் 50 மைக்ரோன். நான்கையும் சேர்த்தால் 100 மைக்ரோனை ஒட்டி வரும். நம் தலைமுடி ஒன்றின் பருமனும் கிட்டத்தட்ட அந்த அளவுதான்.

கீறல் விழுந்த காரைக் கடையில் இயந்திரம் வைத்துத் தேய்த்துப் பளபளப்பாக்கித் தருவார்கள். கீறலை நிரப்பி மறைக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். கீறலின் ஆழத்துக்குச் சுற்றிலும் உள்ள கிளியர் கோட்டைத் தேய்த்து இறக்குகிறார்கள். ஒவ்வொரு முறையும் சில மைக்ரோன் போய்விடும். புற ஊதாக் கதிர்களை உறிஞ்சும் வேதிப்பொருள் கலந்திருப்பதும் அதே அடுக்கில்தான். அது மெலிந்தால் வெயில் அடியிலுள்ள நிறத்தை எட்டிவிடும்.

வெயிலைப் பற்றியும் ஒரு சொல். உயரம் 1,000 மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர்களின் வலிமை சுமார் 10 விழுக்காடு கூடும். குளிராக இருப்பதால் மலையில் வெயில் இளப்பமானது என்று எண்ணிவிடக் கூடாது. ஆனால் கேமரன் மலையில் மேகமும் மூடுபனியும் அதிகம், வெப்பம் குறைவு. ஆகவே இங்கே சாயத்துக்கு வெயிலைவிட ஈரமும் மணலும்தான் பெரிய எதிரிகள் என்பது என் கணிப்பு. ஈப்போவில் வாழும் காருக்கு இது தலைகீழாக இருக்கும்.

கல் பட்ட இடத்தில் என்ன நடக்கிறது?

சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜாவுக்கு ஏறும் சாலையில் லாரிக்குப் பின்னால் வரும் காரின் முன்மூடியில் சிறு கற்கள் தெறிக்கும். கடுகளவு சாயம் பெயர்ந்து உலோகம் தெரியும். அங்கே இரும்பு, நீர், ஆக்சிஜன் மூன்றும் சந்திக்கின்றன. பள்ளியில் ‘பெங்காராத்தான்’ என்று படிப்பது இதைத்தான். இரும்பு அணுக்கள் எலெக்ட்ரானை இழந்து அயனிகளாகின்றன. அந்த எலெக்ட்ரான்களை நீரும் ஆக்சிஜனும் ஏற்றுக்கொள்கின்றன. விளைவாகும் துரு, இரும்பு இருந்த இடத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் பக்கத்தில் நல்லபடி இருந்த சாயத்தையும் நெம்பித் தூக்குகிறது. தூக்கிய இடத்தில் மேலும் நீர் புகுகிறது.

நீரில் உப்பு கரைந்திருந்தால் மின்சாரம் எளிதாகக் கடக்கும், துருவும் வேகமாக ஏறும். கடல் தொலைவில் இருக்கிறது, நமக்கு ஏது உப்பு என்று கேட்கலாம். பண்ணைக்குப் போகும் கோழி எருவிலும் உரத்திலும் உப்புகள் நிறைய உள்ளன. லாரியிலிருந்து சிந்தி, சாலைச் சேற்றில் கலந்து, சக்கரத்தின் மேல்வளைவில் அப்பிக்கொள்கின்றன. அங்கே வெயில் படாது, காற்றும் போகாது. சேறு வாரக்கணக்கில் ஈரமாகவே இருக்கும். பலர் கூரையை மூன்று முறை துடைத்துவிட்டு, சக்கர வளைவில் ஒரு முறைகூடத் தண்ணீர் அடிப்பதில்லை.

கார்த் தகடுகள் பலவற்றில் துத்தநாகம் பூசியிருப்பார்கள். வீட்டுக்கூரைத் தகட்டிலும் அதுவே. ‘சிங்க்’ என்று நாம் சொல்வது இதைத்தான். மின்வேதி வரிசையில் துத்தநாகம் இரும்புக்கு மேலே இருக்கிறது. எலெக்ட்ரானை விட்டுக்கொடுக்க அது முந்திக்கொள்ளும். எனவே கீறல் விழுந்தாலும் பக்கத்திலுள்ள துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். பால் டின்னில் பூசியிருப்பது வெள்ளீயம். அது வரிசையில் இரும்புக்குக் கீழே உள்ளது. பூச்சு முழுதாக இருக்கும் வரை நல்ல காவல். கீறிவிட்டால் நிலைமை மோசம். வெள்ளீயம் தப்பித்துக்கொள்ள, இரும்பு முன்னைவிட வேகமாகத் துருப்பிடிக்கும்.

பழைய லேண்ட் ரோவர் ஏன் தாங்குகிறது?

கேமரன் மலைக்கு வருகிறவர்கள் வியக்கும் ஒன்று, இங்கு இன்னும் ஓடும் பழைய லேண்ட் ரோவர்கள். சாயம் உரிந்து, கதவு நசுங்கி, கோபிஸ் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு செங்குத்தான பண்ணைப் பாதையில் ஏறும். ‘அந்த வண்டிக்குச் சாயமே இல்லை, ஒன்றும் ஆகவில்லையே, புதுக்காருக்கு மட்டும் ஏன் இவ்வளவு கவனிப்பு?’ என்று யாராவது கேட்டால் பதில் வரலாற்றில் இருக்கிறது.

லேண்ட் ரோவர் 1948-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமானது. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலம். பிரிட்டனில் எஃகுக்குக் கடும் தட்டுப்பாடு. அதனால் உடலை அலுமினியக் கலவையில் செய்தார்கள். தொடக்கத்தில் வந்த வண்டிகளின் வெளிர் பச்சை நிறமும் போர் விமானங்களுக்கு வாங்கி மிஞ்சிய சாயம்தான். தட்டுப்பாட்டால் எடுத்த முடிவு ஈரமான மலைக்கு வாய்ப்பாகப் பொருந்திவிட்டது. அலுமினியம் காற்றுப் பட்டவுடன் தன்மேல் அலுமினிய ஆக்சைடு படலத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். சில நானோமீட்டர் தடிப்புத்தான். ஆனால் துருவைப் போல உதிராமல் கெட்டியாக ஒட்டியிருந்து உள்ளே இருக்கும் உலோகத்தை மூடிவிடும். கீறினால் உடனே மீண்டும் உருவாகும்.

ஆனால் அந்த வண்டியின் அடிச்சட்டம் எஃகு. குனிந்து பார்த்தால் துரு தெரியும். அலுமினியமும் எஃகும் தொட்டுக்கொண்டு நனையும் இடங்களில் அலுமினியமே அரிக்கப்பட்டு வெள்ளைப் பொடியாகும். காரணத்தை மேலே சொன்ன மின்வேதி வரிசையை வைத்து நீங்களே கண்டுபிடியுங்கள்.

துளி காயும்போது

மழைநீரில் கரியமில வாயு கரைவதால் அது இயல்பாகவே சற்று அமிலத்தன்மை கொண்டது. பிஎச் மதிப்பு சுமார் 5.6. இதனால் சாயம் கெடாது. வாகனப் புகையும் தொழிற்சாலைப் புகையும் கலந்து கந்தக அமிலம் சேர்ந்தால்தான் தொல்லை. பிஎச் 4.5 உள்ள ஒரு துளி காரின்மேல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெயில் வந்ததும் நீர் ஆவியாகிறது, கந்தக அமிலம் எளிதில் ஆவியாகாது. துளி நூறில் ஒரு பங்காகச் சுருங்கும்போது அமிலத்தின் செறிவு நூறு மடங்காகும், பிஎச் ஏறத்தாழ 2.5-க்கு இறங்கும். எலுமிச்சைச் சாற்றை நெருங்கிவிட்டது! பல கார்களின் கிளியர் கோட், உணவுத் தட்டு செய்யும் மெலமைன் குடும்பத்தைச் சேர்ந்த பிசினால் பிணைக்கப்பட்டது. அந்தப் பிணைப்புகளைச் சூடான அமிலம் உடைக்கும். துளியின் வடிவிலேயே ஒரு பள்ளம் மிஞ்சும். அமெரிக்காவில் சாய உற்பத்தியாளர்கள் தங்கள் மாதிரித் தகடுகளைக் கோடையில் ஃபுளோரிடா மாநிலத்து ஜாக்சன்வில் நகரில் வெளியே வைத்து இதைச் சோதிப்பது வழக்கம்.

பறவை எச்சம் இன்னும் கெட்டது. அதிலுள்ள அமிலம் மட்டும் காரணமல்ல. கொழுப்பையும் புரதத்தையும் செரிக்க வைக்கும் நொதிகள் எச்சத்தில் மிஞ்சியிருந்து பூச்சின் பிணைப்புகளையும் தாக்குகின்றன என்று ஈரானிய ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். தவிர, வெயிலில் சாயம் சற்று இளகி விரியும். மேலே எச்சம் காய்ந்து இறுகும். மாலையில் சாயம் குளிர்ந்து சுருங்கும்போது அந்த இறுகிய எச்சத்தின் உருவத்தை அச்சாக வாங்கிக்கொள்ளும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை கழுவலாம் என்று காத்திருக்க வேண்டாம். ஈரத் துணியை அதன்மேல் சில நிமிடம் போட்டு ஊறவிட்டு, அழுத்தாமல் தூக்கி எடுத்தால் போதும்.

கோபிஸ் இலை கற்றுத் தருவது

பண்ணையில் கோபிஸ் இலையைப் பார்த்திருப்பீர்கள். வெளி இலையில் சாம்பல் பூத்தாற்போல ஒரு படலம் இருக்கும். அது மெழுகு. தண்ணீர் விட்டால் முத்தாக உருண்டு ஓடிவிடும். மருந்து அடிக்கிறவர்களுக்கு இது பெரிய தொல்லை. வெறும் தண்ணீரில் கலந்த மருந்து இலையில் தங்காது. அதனால் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் ஒரு பொருளையும் சேர்த்துக் கலக்குவார்கள். சவர்க்காரமும் அதே வேலையைத்தான் செய்யும்.

காருக்குப் பூசும் மெழுகும் ஓர் இலையிலிருந்து வருவதுதான். வடகிழக்குப் பிரேசிலில் வளரும் கார்னாவ்பா பனையின் ஓலையிலிருந்து எடுப்பார்கள். சுமார் 82 பாகைக்கு மேல்தான் உருகும் என்பதால் வெயிலில் சூடேறிய காரிலும் தாங்கும். மெழுகிட்ட பரப்பில் நீர் பரவாமல் துளியாக நிற்கும், சரிவில் வழிந்துவிடும். சேறும் எச்சமும் எளிதில் விட்டுப்போகும். சில மாதங்களில் மெழுகு தேய்ந்துவிடும், மறுபடி பூச வேண்டும். தட்டு கழுவும் திரவத்தால் கார் கழுவினால் இன்னும் சீக்கிரம் போய்விடும். அது எண்ணெய்ப் பசையை அகற்றுவதற்கென்றே செய்தது அல்லவா?

புதுக்கார் வாங்கும்போது ‘செராமிக் பூச்சு’ போட்டுக்கொள்ளச் சொல்லி விற்பனையாளர்கள் வற்புறுத்துவதுண்டு. சிலிக்கா சார்ந்த இந்தப் பூச்சு மெழுகைவிட நீண்ட நாள் உழைக்கும், நீரையும் நன்றாக விலக்கும். அது உண்மை. ஆனால் ‘9எச் கடினம்’ என்ற விளம்பரத்தை மோஸ் அளவுகோல் என்று எண்ணி ஏமாறாதீர்கள். அது பென்சில் சோதனை. நாம் வரையப் பயன்படுத்தும் 2பி, எச்பி வரிசையில் கடைசியில் வரும் 9எச் பென்சிலால் கீறினால் தாங்கும் என்பதே பொருள். குவார்ட்ஸ் மணலுக்கு அந்தப் பென்சில் எம்மாத்திரம்! பூச்சின் தடிப்பும் பொதுவாக ஓரிரு மைக்ரோன்தான், தெறிக்கும் கல்லை அது தடுக்காது. கல்லைத் தாங்க 150 மைக்ரோனுக்கு மேல் தடிப்புள்ள பாலியுரேத்தேன் ஒட்டுப்படலம் உண்டு. விலை அதிகம். முன்மூடிக்கு மட்டும் ஒட்டினாலே பெரும்பயன் கிடைக்கும்.

‘புதுச்சாயம் காய மூன்று மாதம் ஆகும், அதுவரை மெழுகு கூடாது’ என்று சொல்வதையும் கேட்டிருப்பீர்கள். பட்டறையில் மறுசாயம் அடித்த காருக்கு அது ஓரளவு பொருந்தும். தொழிற்சாலைச் சாயம் அடுப்பில் சுட்டு இறுகிய பிறகுதான் வெளியே வருகிறது.

கழுவுவது எப்படி? முதலில் தொடாமலே நிறையத் தண்ணீர் விட்டு மணலை ஓட்டிவிட வேண்டும். சக்கர வளைவுக்கும் அடிப்பகுதிக்கும் நன்றாக அடியுங்கள். பிறகு இரண்டு வாளி: ஒன்றில் கார் கழுவும் திரவம், மற்றொன்றில் வெறும் தண்ணீர். துணியை ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டே திரவத்தில் முக்குங்கள். கடைசியில் அந்த வாளியின் அடியில் தேங்கும் மணலைப் பார்த்தால் காரணம் விளங்கும். மேலிருந்து கீழாகக் கழுவுங்கள், ஏனெனில் கீழேதான் மணல் அதிகம். நிழலில் செய்யுங்கள். காலைப் பனியைத் துடைத்தே ஆகவேண்டும் என்று நினைப்பவர்கள் முன்கண்ணாடியோடும் பக்கக் கண்ணாடிகளோடும் நிறுத்திக்கொள்ளலாம். கல்பட்டு உலோகம் தெரிந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். காரின் நிற எண் கதவுத் தூணிலோ இஞ்சின் அறையிலோ ஒட்டப்பட்டிருக்கும். அந்த எண்ணுக்குரிய சிறு புட்டிச் சாயத்தை வாங்கி, இடத்தைத் துடைத்துக் காயவைத்து ஒரு சொட்டு வைத்தால் நீர் புகாது.

செய்து பாருங்கள்

காலியான பால் டின் ஒன்று, கூரைக்கு அடிக்கும் சிங்க் பூசிய ஆணி ஒன்று. இரண்டிலும் அரத்தால் இரும்பு தெரியும்படி ஒரு மெல்லிய கீறல் போடுங்கள். டின்னின் விளிம்பு கையைக் கிழிக்கும், கையுறை அணிந்து பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் உப்புநீரில் நனைத்த பஞ்சின்மேல், கீறல் பஞ்சைத் தொடும்படி ஒரு தட்டில் வையுங்கள். பஞ்சு காயாமல் மூன்று நாள் பார்த்துக்கொள்ளுங்கள். எந்தக் கீறலில் முதலில் செம்பழுப்பு நிறம் வருகிறது, மற்றதில் அதற்குப் பதில் என்ன நிறத்தில் பொடி தோன்றுகிறது என்று நாள்வாரியாகக் குறித்து வையுங்கள். உப்பில்லாத தண்ணீரில் இன்னொரு தட்டும் வைத்தால், கோழி எருச் சேறு ஏன் ஆபத்து என்பதும் தெரிந்துவிடும்.